யாரிடம் கேட்பது

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு வரும் மே 31-ஆம் தேதியோடு பணி ஓய்வு. 2021-இல் அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியதால் இதுவரை வகுப்பில் நிற்கக் கிடைத்தது.

அதற்குப் பிறகு என்ன திட்டம் என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வீடு, சேமிப்பு, உடம்பு என்று தலைப்புப் போட்டால் எல்லாம் என்னைச் சுற்றியே வந்தது. அப்புறம் தலைப்பை மாற்றினேன்: மகன், கணவன், வாத்தியார், ஊர்க்காரன். இதில் ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா? என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றியது.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். கண் ஆபரேஷன், கோயில் பயணம் என்று ஏதாவது வரும் என நினைத்திருந்தேன். "ராத்திரி நீ சாப்பிடும்போது என்னையும் கூப்பிடு. ஏழு மணிக்கே தனியா உக்காந்து சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது" என்றாள். இப்போது எட்டு மணிக்கு இருவருக்கும் சேர்த்துத்தான் தட்டு வைக்கிறோம். நல்ல மகனாக இருப்பேன் என்று எழுதி வைத்தால், இருந்தேனா இல்லையா என்று யார் பார்ப்பது? எட்டு மணிச் சாப்பாடு என்றால் அன்றன்றைக்கே தெரிந்துவிடும்.

பிளஸ் டூ பிள்ளைகளிடமும் கேட்டேன். நான் எடுக்கும் வேதியியலில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. எல்லோரும் கூடுதல் வினாத்தாள் கேட்பார்கள் என்றிருந்தேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "பிப்பெட்டை என் கையில ஒரு தடவை குடுங்க சார், எப்பவும் முன்னாடி நிக்கிறவங்களே செய்றாங்க" என்றாள். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை மாலை லேப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. முதல் நாள் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனை முடிந்ததற்கு அடையாளமான அந்த வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றதும் அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், பார், ஓய்வு பெறும் வருஷத்தில் எனக்கு வேறென்ன வேண்டும்!

மனைவி கேட்டது சமையல். நான் சமைக்கப் பழகினால் அவள் அக்கா வீட்டில் நிம்மதியாக ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாளாம். ரசம் வரை வந்திருக்கிறேன்.

ஊர்க்காரன் என்ற இடத்தில்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. சரி, கிராம சபையிலேயே போய் உட்காருவோம் என்று முடிவு செய்திருக்கிறேன். அது கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் விடுமுறை நாள்தான், போகாமலிருக்கக் காரணமே இல்லை. வரவு செலவை வாசிக்கும்போது கேட்டுக்கொள்ள நாலு பேராவது வேண்டும். ஓடைத் தூர்வாரும் வேலையை மே 1 கூட்டத்தில் எழுப்பப்போகிறேன்.

நீ அனுப்பிய உன் திட்டப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது, நடைப்பயிற்சியை விட்டுவிடாதே. ஆனால் அதை உன் வீட்டில் தங்கச்சியிடம் ஒருமுறை காட்டு. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுது. நண்பனாக என்னிடம் உனக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. ஜூனில் கோவை வருகிறேன், அதற்கு முன்னால் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
ராமு