பாப்பாவுக்கு, எழுதுகிற கை ஒன்றைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் பேசியதெல்லாம் இன்னும் காதிலேயே இருக்கிறது. நீ எழுதுகிற தொடரின் அடுத்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். மொழிபெயர்ப்பின் மெய்ப்பு, அச்சுக்கு முன் நீ பார்த்துத் திருத்த வேண்டிய பிரதி, வந்து பத்து நாளாகத் தொடாமல் கிடக்கிறது. போதாததற்கு, திருத்தாத பழைய பிரதியை மாற்றி அனுப்பி, அதுவே அச்சிலும் வந்துவிட்டது. உன் குரல் உடைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு ஓர் உதவியாளர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். மறுக்காமல் ஒரு தடவை பார்.

நான் ரிட்டையர் ஆன பிறகு பாளையங்கோட்டை இன்ஸ்டிட்யூட்டில் சாயங்காலம் ஷார்ட்ஹேண்ட், அதுதான் சுருக்கெழுத்து, சொல்லிக்கொடுத்தேனே, அப்போது என்னிடம் படித்தவள். டைப்பிங் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் கிரேடு பாஸ். இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட் நிமிஷத்துக்கு 120 வார்த்தை பாஸ். தமிழிலும் எடுப்பாள். ஆறு வருஷம் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்தாள். இப்போது குடும்பத்தோடு தாம்பரத்தில் இருக்கிறாள்.

வேகத்துக்காக மட்டும் அவளைச் சொல்லவில்லை. போன மாதம் இங்கே வந்திருந்தபோது உன் தொடரிலிருந்து ஒரு பக்கம் டிக்டேஷன் கொடுத்தேன். வேண்டுமென்றே பெரியவரின் வயதை ஓரிடத்தில் அறுபத்திரண்டு என்றும், அப்புறம் எழுபது என்றும் வாசித்தேன். அவள் நடுவில் நிறுத்தவில்லை. எழுதி முடித்து, ஓரத்தில் சின்னதாகப் பென்சில் கோடு போட்டு, "டீச்சர், இதில் எதை வைக்க?" என்று கேட்டாள். தானாகத் திருத்தவும் இல்லை, கண்டும் காணாமல் விடவும் இல்லை. முப்பது வருஷம் இந்த வேலை பார்த்த எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

போனில் பேசினால் அதுவே டைப் செய்துவிடுகிறது என்கிறாய். செய்யட்டும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணியாக இருந்தவள் ஏழில் ஏன் மதினியானாள் என்று அது கேட்குமா? ஷார்ட்ஹேண்டில் வேகமாக எழுதும்போது உயிரெழுத்துக்கான புள்ளிகளையும் சிறு கோடுகளையும் பெரும்பாலும் விட்டுவிடுவோம். பிறகு வாக்கியத்தின் பொருளை வைத்துத்தான் அது என்ன சொல் என்று படிக்க வேண்டும். புரியாமல் எழுதினவளால் தன் நோட்டையே திருப்பி வாசிக்க முடியாது. அதனால் அந்தப் பயிற்சியில் வந்தவர்களுக்குக் கூர்ந்து கேட்பது பழகிப்போய்விடும்.

உனக்குப் பிடித்த ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியையே எடுத்துக்கொள். ஒரு பதிப்பாளரிடம் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் கொடுக்காவிட்டால், அவர் எழுதுவதையெல்லாம் ஒன்பது வருஷத்துக்குக் காசு கொடுக்காமலே அந்த ஆள் அச்சிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. 'குற்றமும் தண்டனையும்' நாவல் வேறு பாதியில் நின்றது. அப்போது சுருக்கெழுத்து ஆசிரியர் ஒருவர் தன் நல்ல மாணவியை அனுப்பிவைத்தார். அன்னா, வயது இருபது. முதல் நாள் அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போக, பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். பகலில் குறிப்பெடுத்து, இரவில் வீட்டில் உட்கார்ந்து சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தாள். நேற்று எத்தனை பக்கம் ஆயிற்று என்று அவர் கேட்பார். அவள் கணக்குச் சொல்லச் சொல்ல அவருக்குத் தெம்பு வந்தது. இந்த இடம்தான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. தனியாக எழுதுகிறவருக்கு எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல ஆள் கிடையாது. 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. பதிப்பாளர் ஊரில் இல்லாமல் போய்விட, போலீஸ் ஸ்டேஷனில் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள்.

அந்த ஆசிரியர் இருந்த இடத்தில் இன்று நான் இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

சரி, வேலை விஷயம். காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை அவளால் வர முடியும். சம்பளத்தை முதலிலேயே பேசிவிடு, ஒன்றாம் தேதி தவறாமல் கொடு. காபி போடச் சொல்லாதே, கடைக்கு அனுப்பாதே. என்னை ஆபீஸில் அப்படி நடத்தியபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். அவள் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பாள். யூனிகோடில் அடித்ததை உன் பதிப்பகம் கேட்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எங்கெங்கே எழுத்து உடையும் என்பதும் அவளுக்குத் தெரியும். முதல் வேலையாகப் பிரதிகளுக்கெல்லாம் தேதி போட்டு, பழையது ஒரு பக்கம், அனுப்ப வேண்டியது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல். அப்புறம் மெய்ப்பு. டிக்டேஷன் பிறகு பார்க்கலாம். இன்னொருவர் எதிரில் வாய்விட்டுக் கதை சொல்ல முதல் வாரம் உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், அவள் தலை நிமிராமல் எழுதுகிறவள்.

புத்தகமாக வரும்போது நன்றி பக்கத்தில் அவள் பெயரைப் போட வேண்டும். இது அம்மா கேட்கிறது.

உன்னைக் கேட்காமல் உன் நம்பரை அவளிடம் கொடுக்கவில்லை. அவள் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், நீயே கூப்பிடு. புதன்கிழமை கூப்பிட்டால் வியாழக்கிழமையே வந்துவிடுவாள், வெள்ளிக்கிழமை அத்தியாயத்துக்கு ஆகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்.

அன்புடன்,
அம்மா