தளை தட்டிய இடத்தைக் காட்டியவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தலசீமியா என்ற ரத்த நோய்க்காக ஆயுசு முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளும் என் தம்பி, ஐசியூவிலிருந்து மீண்டு நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் தயிர்சாதம் கேட்டான்; மாவடு தீர்ந்துபோனதற்கு அம்மாவிடம் சண்டை பிடித்தான். பழைய ஆளாகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

வேலைக்கு லீவு போட்டு ரத்தம் கொடுக்க வந்தவர்கள், செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வந்தும் எடை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன், ஐசியூ சிஸ்டர்கள், கேட்காமலே ஜிபேயில் பணம் போட்டவர்கள், தினமும் ரசம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா... ஒவ்வொருவராகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன். எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிளட் பேங்கில் அன்று நைட் டியூட்டி பார்த்த டெக்னீஷியன். பெயர்கூடத் தெரியாது.

இத்தனை வருஷம் ரத்தம் ஏற்றியதில் தம்பி உடம்பில் மற்றவர் ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி உண்டாகிவிட்டது. ஓ பாசிட்டிவ் என்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு பையின் ரத்தத்தையும் அவன் சீரத்தோடு (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரோடு) சேர்த்து, 37 டிகிரியில் வைத்து, சுற்றியெடுத்து, செல்கள் ஒட்டித் திரளவில்லை என்றால்தான் கொடுப்பார்கள். முதல் இரண்டு பையும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது உள்ளே இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் நான் வெண்பா எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடத்துப் பழக்கம். எழும்பூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு ரத்தம் ஏறும்போது கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைக்காகக் குறளை அலகிட்டு, அதாவது சீர்சீராக அசை பிரித்துப் பார்ப்பேன். குறள் தீர்ந்ததும் மருந்துப் பெயர்கள், டாக்டர் பெயர்கள், கதவில் எழுதியிருப்பது. 'தலசீமியா'வை அசை பிரித்தால் புளிமாங்கனி, அது ஒரு கனிச்சீர். கனிச்சீர் வெண்பாவுக்குள் வராது என்று படித்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் எந்தப் பேச்சும் அவன் ஹீமோகுளோபினில் தொடங்கி உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினில்தான் முடியும். ராத்திரி அவன் வயிற்றில் ஊசியைச் செருகி, அந்த இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தின் பம்ப் ஓட ஆரம்பித்த பிறகு, போர்வைக்குள் நான் சீர் எண்ணிக்கொண்டு கிடப்பேன். அந்த நோய் நுழையாத ஓர் இடம் எனக்கு அங்கே இருந்தது.

இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த டெக்னீஷியன் வெளியே வந்து, "இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்க்கா" என்றவர், சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மூணாவது அடியில தளை தட்டுதே" என்றார்! அடுத்தடுத்த சீர்கள் இணைகிற விதி பிசகுகிறது என்று அர்த்தம்.

"'தம்பி' மாச்சீர். அடுத்தது நிரையில தொடங்கணும். நீங்க 'வீட்டுக்கு'ன்னு போட்டிருக்கீங்க. 'மனைக்கு'ன்னு மாத்திப் பாருங்க."

'வீட்' நேரசை, 'மனைக்' நிரையசை. மாத்தினேன், சரியாக வந்தது. அவருடைய அப்பா தமிழ் வாத்தியாராம். ஒரு குறளை அலகிட்டால்தான் தட்டில் சோறு விழுமாம். "பசியில கத்துக்கிட்டதுக்கா, மறக்காது" என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் என்னிடம் பேசிய எல்லோரும் தம்பியைப் பற்றித்தான் கேட்டார்கள், கேட்கத்தானே வேண்டும். அடுத்து, "நீங்க ஏன் ரத்தம் கொடுக்கலை?" என்பார்கள். எனக்கு தலசீமியா மைனர், அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவள். கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், எனக்கு 11-ஐத் தாண்டியதே இல்லை. அதை எத்தனை பேருக்கு விளக்குவது! அந்த மனுஷன் ஒருவர்தான் என்னிடம் வெண்பாவைப் பற்றிப் பேசினார்.

மூன்றாவது பை ஒத்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அவர் நீட்டியதும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அப்போது பேச நேரமில்லை, அதனால்தான் இந்த மடல். டெக்னீஷியன் தம்பி, அந்த வெண்பாவுக்கு ஈற்றுச்சீர் இன்னும் அமையவில்லை. அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன்.

ரத்தம் கொடுக்க முடியாத நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் கல்யாணம் பேசி முடிக்கப்போகிற பிள்ளைகளையெல்லாம் பிடித்து, மைனர் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பி ஏ2 ரத்த டெஸ்ட் எடுக்க வைக்கப்போகிறேன். இரண்டு பேருக்கும் மைனர் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குத் தம்பிக்கு இருப்பதுபோல் மேஜர் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்கள் அம்மா அப்பாவுக்கு ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்ததாம்.

தம்பிக்கு மறுபடி மூன்று வாரத்தில் ஏற்ற வேண்டும். ஓ பாசிட்டிவ்காரர்கள் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்தவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.