ஆறு வருடக் கடன்

பணி ஓய்வு பெற்று இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது. கடைசி நாளன்று மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொன்னேன். அது சம்பிரதாயம். நிஜமாகவே நான் கடன்பட்டிருப்பது அதற்கு அப்புறம் என்னைத் தாங்கியவர்களுக்கு. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள். படித்தால் அவர்களுக்கே தெரியும்.

முதலில் மனைவிக்கு. ஓய்வு பெற்ற புதிதில் ஒன்பது மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உலாத்துவேன். போக இடம் இல்லாமல் அவள் அலமாரியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். “நீங்கதான் ரிட்டயர் ஆனீங்க, நான் ஆகல. இங்க மேனேஜர் வேலை காலியில்ல” என்றாள். சுருக்கென்றது. அன்றுதான் வெளியே கிளம்பினேன்.

அடுத்து, என் பழைய அலுவலகச் சகாவுக்கு. வந்த பணம் மொத்தத்தையும் நிலையான வட்டிக்குப் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 72 என்று எழுதி, விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுக்கச் சொன்னார். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரண்டு மடங்கு. அறுபதில் ஓய்வு பெற்றவனுக்கு எண்பத்து நாலில் நாலு மடங்கு! ஒரு பகுதியை வளரக்கூடிய முதலீட்டுக்கு அன்றே மாற்றினேன். அந்தக் காகிதம் இன்னும் பர்ஸில் இருக்கிறது.

வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கும் நன்றி. கை சரியானதும் விட்டுவிடுவார் என்று பார்த்தால், காலுக்கு வந்துவிட்டார். நாற்காலியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கவைத்தார். முதல் நாள் நாலு விநாடிகூடத் தாங்கவில்லை. 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். நான் நடந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மகளுக்குச் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். அண்ணனும் நானும் பேசி பதினோரு வருடம். காரணம் சொத்துதான், வேறென்ன. “போகும்போது இதையும் கொண்டு போகப் போறீங்களாப்பா?” என்று கேட்டவள், நான் பதில் சொல்வதற்குள் எண்ணை அழுத்தி போனைக் கையில் திணித்தாள். மறுமுனையில் மணி அடிக்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “அண்ணா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “உன் குரல் அப்பா குரல் மாதிரியே ஆயிடுச்சேடா” என்றார். யார் மீது தப்பு என்று அதற்குப் பிறகு இருவருமே பேசவில்லை.

கடைசியாக, என் நீச்சல் மாஸ்டருக்கு. என் வயதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு வாரம் கம்பியை விடாமல் தொங்கிய என்னை, “தண்ணிக்குள்ள மூச்ச விடுங்க சார், மத்தத தண்ணி பாத்துக்கும்” என்று சிரிக்காமல் சொன்ன பிள்ளை. இப்போது குளத்தின் அகலத்தைக் கடந்துவிடுகிறேன்; நீளம் பாக்கி.

தம்பி, அடுத்த மாதம் அண்ணன் வருகிறார். வயது 71. அவருக்கும் நீச்சல் தெரியாது. ஓர் இடம் போட்டுவையுங்கள்.