பொருளியல் வாத்தியார் வேலை என்று ஒன்று இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததையொட்டி உங்கள் கல்வி இணைப்பில் "பொருளியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை, டேட்டா அனலிஸ்ட், ஐ.ஏ.எஸ். என்று வரிசையாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் சம்பளம் வேறு. கடைசியில் 'கற்பித்தல், ஆராய்ச்சி' என்று ஒன்றரை வரி, அதுவும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம் என்பதோடு சரி. அரசுக் கல்லூரியில் பொருளியல் நடத்தியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒன்றரை வரி கொஞ்சம் உறுத்தியது, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பாடம் நடத்துவது, ஊருக்குள் போய்க் கணக்கெடுப்பது, எடுத்த கணக்கை வைத்து அரசாங்கத்திடம் "நீங்கள் போடும் திட்டம் இந்த இடத்தில் ஓட்டை" என்று சொல்வது, இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்கிற வேலை ஒன்று நம் மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. பெரிய பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். இன்றைக்கு அந்த வேலையைத் துண்டு துண்டாக்கி, பாடம் நடத்துவது கல்லூரிக்கு, கணக்கெடுப்பு ஏதோ ஒரு ஏஜென்சிக்கு, ஆலோசனை கன்சல்டன்ட் கம்பெனிக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். என் ஆதங்கம் அதுதான்.

1915ல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளியலுக்கு என்று முதன்முதலாக ஒரு பேராசிரியரைக் கொண்டுவந்தது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இங்கே வந்து பார்த்தால் மாணவர்கள் கையில் இருப்பதெல்லாம் இங்கிலாந்தைப் பற்றிய புத்தகங்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா காசாகவா, கடன் எவ்வளவு, வட்டி என்ன என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். அப்படிச் சேர்ந்தது 1918ல் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று அதில் வரும் ஊர்ப் பெயர்கள் இன்றைக்கும் கிராமப் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு மனப்பாடம்.

இதில் முக்கியமான விஷயம், கணக்கு எடுத்தவர்கள் கூலிக்கு வந்த ஆட்கள் இல்லை, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். பாடமும் ஆராய்ச்சியும் அங்கே வேறு வேறாக இல்லை.

1936-37ல், நெல் விலை விழுந்து குடியானவன் கடனில் மூழ்கிய பெருமந்தத்தின் (1930களின் உலகப் பொருளாதாரச் சரிவு) சூடு ஆறுவதற்குள், பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். தாமஸ் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர், பிற்பாடு தில்லி அரசுக்கே பொருளாதார ஆலோசகராகப் போனவர். எங்கள் பக்கத்து இருவேல்பட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 1916, 1937, 1961, 1981, 2008 என்று ஒரே ஊரை ஐந்து முறை கணக்கெடுத்திருக்கிறார்கள். உலகத்திலேயே இப்படி வாய்த்த கிராமங்கள் அதிகம் கிடையாது. விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஊர் வழியாக பஸ்ஸில் போய்க்கொண்டே இருப்பார்கள், இந்தக் கதை தெரியாது. சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்.

முதல் கணக்கெடுப்பில் அந்த ஊர் பெரிய நிலக்காரர் பிடியில் இருந்தது. நிலமில்லாதவர்கள் முன்கடன் வாங்கிக்கொண்டு படியாளாக வேலை செய்தார்கள். 1981ல் போனவர்களும் அந்தப் பிடி பெரிதாக விட்டுப்போனதாக எழுதவில்லை. 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் போனபோது படம் மாறியிருந்தது. வெளியே போய்ச் சம்பாதிக்க வழி பிறந்திருந்தது, நிலக்காரர் சொல்லுக்கு இருந்த பழைய கனம் குறைந்திருந்தது, தலித் குடும்பங்கள் முன்னைவிடத் தன் காலில் நின்றன. தமிழ்நாடு எப்படி மாறியது என்று மேடையில் ஆளுக்கொரு கதை சொல்கிறோம். அதை ஒரே ஊரில் வைத்து, வீடு வீடாகக் கேட்டு, பழைய கணக்கோடு ஒப்பிட்டுச் சொன்னவர்கள் இவர்கள்தான். அந்த மூவரில் ஜெயரஞ்சன் 2021ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். நாகராஜ், விவசாயிகள் தற்கொலையை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளை வைத்தே எண்ணிக் காட்டியவர். எல்லோருக்கும் கிடைக்கிற புள்ளிவிவரம்தான், உட்கார்ந்து பொறுமையாகக் கூட்டியவர்கள்தான் குறைவு.

மால்கம் ஆதிசேஷையாவை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. 1910ல் வேலூரில் பிறந்தவர். லண்டன், கேம்பிரிட்ஜ் எல்லாம் படித்தவர். கல்கத்தாவில் பாடம் நடத்தினார், அப்புறம் 1940களில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். 1948ல் யுனெஸ்கோவுக்குப் போய் 1963லிருந்து 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். அந்த உயரத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஜெனீவாவிலோ பாரிஸிலோ செட்டில் ஆகிவிடுவார்கள். இவர் ஊருக்குத் திரும்பி, 1971ல் மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து அடையாறு காந்தி நகரில் மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தன் சொந்தச் சொத்தையே அதற்குக் கொடுத்தார். நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அப்புறம் மாநிலங்களவை உறுப்பினர். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி வேண்டும் என்று 1978ல் வந்த தேசியக் குழு அறிக்கை இவர் தலைமையில் எழுதியதுதான். நீங்கள் போட்ட சம்பளப் பட்டியலில் இந்த மனிதரை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?

அந்த நிறுவனத்துக்கு 1978ல் இயக்குநராக வந்தவர் சி.டி. குரியன். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர், அவரும் தாம்பரம் கல்லூரி வகுப்பறையிலிருந்து வந்தவர்தான். தமிழ்நாட்டுக் கிராமங்கள் 1950லிருந்து 1975 வரை எப்படி மாறின என்று அவர் எழுதிய புத்தகம் 1981ல் வந்தது. விளைச்சல் கூடியிருக்கிறது, அதே சமயம் நிலமில்லாத கூலிகளும் பெருகியிருக்கிறார்கள் என்பதை ஆவணங்களை வைத்துச் சொன்ன புத்தகம் அது. பசுமைப் புரட்சி என்று எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் சொல்ல கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது, சூத்திரத்தைக் காட்டி மிரட்ட மாட்டார். யாரிடம் என்ன இருக்கிறது, அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே போவார். முதலாண்டு மாணவனுக்கும் புரியும். 2024ல் காலமானார். நம் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் சின்னச் செய்திதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எஸ். குகன் எதிர்த்திசையில் வந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரி, மாநில நிதித்துறைச் செயலராக இருந்தவர், அரசுக் கோப்புகளை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். இருவேல்பட்டுக்கு 1981ல் போனது இவரும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ஷரும்தான். முதியோர், விதவைகள், உழைக்க முடியாதவர்களுக்கு ஏழை நாடும் பென்ஷன் கொடுக்க முடியும், இவ்வளவு செலவாகும், தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962லேயே வந்துவிட்டது. மத்திய அரசு நாடு முழுவதற்குமான தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது 1995ல். அதற்கு முந்தைய வருஷங்களில் இந்த வாதத்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்களில் குகன் முன்வரிசை. கஜானா சாவியைக் கையில் வைத்திருந்தவரே 'பணம் இருக்கிறது, மனசு வேண்டும்' என்கிற மாதிரி எழுதினால் அதற்கு ஒரு மதிப்பு தனிதான்.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்தினேன். பிள்ளைகள் முதல் வீட்டில் "எத்தனை ஹெக்டேர் நிலம்?" என்று கேட்டார்கள், அந்த அம்மா முழித்தார். "எத்தனை காணி" என்று கேட்கச் சொன்னேன், மளமளவென்று வந்துவிட்டது. எங்கள் பக்கம் நூறு குழி ஒரு காணி, ஏக்கரைவிடக் கொஞ்சம் பெரிது. அதை மாற்றிப் போடவே பிள்ளைகளுக்கு அரை நாள் போனது. இன்னொரு வீட்டில் கடன் இருக்கிறதா என்றதும் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார்கள். கூட வந்த ஒரு மாணவி மட்டும் கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த குழுக்கடன் அட்டைகளைக் கவனித்தாள், மூன்று கம்பெனி அட்டைகள், வாரத் தவணை. "இது கடன் இல்லையா அக்கா?" என்று கேட்டாள். "அது குழு பணம்மா, கடன்னா வட்டிக்காரர்கிட்ட வாங்குறது" என்று பதில் வந்தது. அன்றைக்குக் கேள்வித்தாளில் ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்தோம். கிராமக் கடன் பற்றி நான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கத்தியது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர்களுக்கு ஏறியது.

மறுவருஷம் அதைத் தொடர முடியவில்லை. வேலை நாள் வீணாகிறது, பொறுப்பு யாருடையது, பஸ் செலவுக்கு எந்தத் தலைப்பில் பணம் என்றெல்லாம் கேள்வி வந்தது. அதே சமயம் பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டுமென்றால், காசு கட்டினால் சீக்கிரம் போட்டுவிடுகிற ஆய்விதழ்களில் கட்டுரை வந்தாலே போதும் என்று பலர் அந்தப் பக்கம் போனார்கள். இப்போது பாதி வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரமில்லாமல் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள் தலையில். முனைவர் பட்டம், நெட், அதன் மாநில வடிவமான செட் எல்லாம் வைத்திருப்பவர்களுக்குச் சம்பளம் சில வருஷம் முன்பு 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனதே பெரிய செய்தியாக வந்தது. அதுவும் வருஷத்தில் பதினோரு மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 50,000 வரை தரலாம் என்று 2019லேயே சொல்லியாயிற்று. இந்தச் சம்பளத்தில், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத ஆளிடம் போய், இருவேல்பட்டு மாதிரி ஒரு ஊரை இருபது வருஷம் தொடர்ந்து கவனி என்று எந்த முகத்தோடு சொல்வது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொருளியல் இளங்கலையில் ஒரு செமஸ்டர் தாளை எடுத்துவிட்டுக் கிராமக் கணக்கெடுப்பை வையுங்கள். ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் பக்கத்தில் ஒரு ஊரையோ ஒரு நகராட்சி வார்டையோ எடுத்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திரும்பப் போகட்டும். 'நான் முதல்வன்' திட்டத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்லது, அந்தக் கணக்கை ஏற்ற அது உதவும். வந்த விவரத்தைக் கல்லூரியிலேயே பூட்டி வைக்காமல் மாநிலத் திட்டக் குழுவுக்கும் அந்தந்த ஊராட்சிக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். ஒரு கல்லூரிக்கு ஆகும் செலவு பஸ் கட்டணமும் ஜெராக்ஸும் மதியச் சாப்பாடும்தான். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசில் முடிந்துவிடும். கௌரவ விரிவுரையாளர் சம்பளம் மட்டும் அப்படி முடியாது, அதற்கு அரசு மனது வைத்தாக வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த கல்வி இணைப்பில் அந்த ஒன்றரை வரியை ஒரு அரைப் பக்கமாக்குங்கள். அடையாறு நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் ஒருவரையும், மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர் ஒருவரையும் பேட்டி எடுங்கள். இரண்டாமவரிடம் சம்பளத்தையும் கேட்டு, அதையும் மற்ற வேலைகளுக்குப் போட்ட மாதிரியே கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்