கணக்கு வகுப்புச் சுவரில் ஒட்டும் முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் நலம். இடைநிலைப்பள்ளியில் நீ எடுக்கும் முதலாம் படிவக் கணக்கு வகுப்புக்கு எழுதிய விதிகளை அனுப்பி, "பாத்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

பேசக் கூடாது, எழக் கூடாது, பக்கத்து நோட்டைப் பார்க்கக் கூடாது என்று 'கூடாது' நிறைய இருக்கிறது. ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு வகுப்பில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஓரிடத்திலும் இல்லையே, கண்ணு. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறான் என்பது உன் கண்ணில் பட வேண்டும். அதற்கு உதவுகிற விதிகளை வை. மற்றவற்றைத் தாராளமாக எடுத்துவிடு.

முதலில், நோட்டில் ரப்பர் போட்டு அழிப்பதை நிறுத்து. தப்பாகப் போட்டால் மேலே ஒரு கோடு, கீழே மறுபடியும் கணக்கு. தமிழ்ப்பள்ளியில் நான் பாடம் எடுத்த காலம் முழுவதும் பார்த்த தப்பு ஒன்று சொல்கிறேன். முக்காலும் அரையும் கூட்டச் சொன்னால் மேலே மூன்றும் ஒன்றும் நான்கு, கீழே நான்கும் இரண்டும் ஆறு, விடை ஆறில் நான்கு என்று எழுதுவான். அவனை நிறுத்தி, "முக்கால் ரொட்டி உன்னிடம் இருக்கிறது, இன்னும் அரை ரொட்டி தருகிறேன். இப்போது முக்காலைவிடக் கூடுமா, குறையுமா?" என்று கேள். கூடும் என்பான். அவன் எழுதிய ஆறில் நான்கு முக்காலைவிடச் சின்னது என்று படம் போட்டுக் காட்டு. கண்கள் விரியும் பார்! அழித்திருந்தால் உனக்கு வெறும் தாள்தான் மிஞ்சும். நான்கில் ஐந்து, அதாவது ஒன்றேகால், என்ற சரியான விடையைப் பக்கத்துப் பிள்ளையிடம் பார்த்து எழுதியிருப்பான், ஒன்றும் விளங்கியிருக்காது.

செய்முறை எழுதாத விடையை ஏற்காதே. இதில் மட்டும் கறாராக இரு. ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில், கணிதம் இரண்டாம் தாளில் கடைசி விடை பிசகினாலும் சரியான செய்முறைக்குப் புள்ளி உண்டு என்பது உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை ஐந்தாம் படிவத்தில் போய் ஊட்ட முடியாது.

"பாஹாம்?", அதாவது மலாயில் "புரிந்ததா?", என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "பாஹாம்!" என்று கத்தும். அதை நம்பாதே. யாரையாவது ஒருவரை அழைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கச் சொல். அப்போது பேசினால்தான் பாடம்.

அடுத்து, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. உன் பட்டியலில் இருக்க வேண்டிய ஒரே 'கூடாது' இதுதான். இது உனக்கும் சேர்த்துத்தான். "இதுகூடத் தெரியாதா?" என்று ஆசிரியர் வாயிலிருந்து ஒரு தடவை வந்துவிட்டால், அந்தப் பிள்ளை வருஷம் முழுக்கக் கை தூக்காது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளைக் கொஞ்சம் கவனி. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, நீ அந்தக் காலத்துப் பிள்ளை. இப்போது பெரும்பாலோர் ஆறு ஆண்டும் தமிழில் கணக்குப் போட்டுவிட்டு, முதலாம் படிவத்தில் மலாய்ப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். நேற்றுவரை கெட்டிக்காரியாக இருந்தவள் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பாள். மனத்துக்குள் எந்த மொழியில் வேண்டுமானாலும் வாய்பாடு சொல்லட்டும், தாளில் சரியாக வந்தால் போதும்.

அடிக்கோல், காம்பஸ் கொண்டுவராதவரை வெளியே நிறுத்துவாய் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் ம்மா. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் மாசக் கடைசியில் பென்சில் வாங்கக்கூடக் காசு இருக்காது. இன்றும் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிற வீடுகளில் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் நாலைந்து அடிக்கோல், பென்சில் போட்டு மேசையில் வை. எடுத்தவர் மணி அடித்ததும் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் பஸ் பிந்தினால் அதற்கும் பிள்ளையைத் தண்டிக்காதே. வீட்டுப்பாடம் முப்பது கணக்கு என்றால் காலையில் பஸ்ஸிலேயே காப்பி அடிப்பார்கள். ஐந்து கொடு, ஐந்தையும் நீயே பார்.

ரோத்தான், அதாவது பிரம்படி, பற்றி நீ எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூத்த ஆசிரியர் யாராவது "ரெண்டு போடு, அடங்குவான்" என்பார். 1959 பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைப்படி அது தலைமையாசிரியரோ அவர் அனுமதித்த ஆசிரியரோ மட்டும் செய்யக்கூடியது, பெண் பிள்ளைகளுக்கு அறவே கிடையாது. சட்டம் இருக்கட்டும், அடிக்குப் பயந்த பிள்ளை தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

மாற்றி எழுதியதும் முதலில் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேள். பிறகு ஒட்டு. எனக்கும் ஒரு படம் அனுப்பு. பள்ளி விடுமுறைக்கு நீ வரும்போது அந்த டின்னுக்கு வேண்டிய அடிக்கோல்களை அப்பா வாங்கி வைத்திருப்பார். எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா