பெயரை மாற்றினால் மருந்து மாறிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடு மாடுகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும் என்றும், ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் கால்நடைப் பகுதியில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்தை மாற்றுவது என்றால் எதை மாற்றுவது என்று அக்கட்டுரை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் பெரும்பாலோர் மாற்றப்போவது புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும்தான் என்பதைக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் பணியில் இருந்தபோது வெள்ளாடு வளர்க்கும் ஒருவர் மூன்று காலிப் புட்டிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தார். "மூணு தடவையும் வேற வேற மருந்துதான் குடுத்தேன் ஐயா, ஆடு இளைச்சுக்கிட்டேதான் போகுது" என்றார். ஒன்றில் அல்பெண்டசோல், அடுத்ததில் ஃபென்பெண்டசோல், மூன்றாவதில் ஆக்ஸ்ஃபெண்டசோல் என்று அச்சிட்டிருந்தது. அவர் கூட்டி வந்திருந்த ஆட்டின் கீழிமையை விரலால் தாழ்த்திப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய சவ்வு காகிதம்போல் வெளுத்திருந்தது. தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. ஹிமாங்கஸ் என்னும் வயிற்றுப்புழுவின் வேலை அது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும், 5,000 புழுக்கள் இருந்தால் அந்த ஆடு தினமும் கால் லிட்டர் இரத்தத்தை இழக்கிறது.

அவர் கொடுத்த மூன்று மருந்துகளும் பென்சிமிடசோல் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. புழுவின் செல்லுக்குள் இருக்கும் பீட்டா டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து உருவாக வேண்டிய நுண்குழல்களை உருவாகவிடாமல் செய்வதே இவ்வகையின் வேலை; நுண்குழல்கள் சிதைந்த புழுவின் குடற்செல்களால் சத்தை எடுத்துக்கொள்ள முடியாததால், புழு சில நாட்களில் பட்டினியால் சாகிறது. அந்தப் புரதச் சங்கிலியின் 200ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டும். அது டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாறிவிட்ட புழுவை அல்பெண்டசோலும் சரியாகப் பற்றாது, மற்ற இரண்டும் பற்றா. அந்த மனிதர் அக்கறை இல்லாதவர் அல்லர். செலவழித்தார், நாள் தவறாமல் கொடுத்தார். அவருக்குக் கிடைக்காதது ஒரே ஒரு தகவல்தான்.

லெவமிசோல், பைரண்டெல் ஆகியவை முற்றிலும் வேறு இடத்தைத் தாக்குகின்றன. புழுவின் தசையில், நரம்பின் கட்டளையைக் கொண்டுவரும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வந்து சேரும் ஏற்பிகளை இவை விடாமல் தூண்டுவதால், தசை இறுகிச் செயலிழந்த புழு பிடிப்பை இழந்து சாணத்தோடு வெளியேறுகிறது. இவர்மெக்டின் இதற்கு நேர்மாறாகத் தசையைத் தளர்த்துகிறது. குளூட்டமேட் என்னும் நரம்பு வேதிப்பொருளால் திறந்து, குளோரைடைச் செல்லுக்குள் விடும் வாயில்கள் என்று புழுக்களிலும் பூச்சிகளிலும் சில உண்டு. அவற்றை அது மூடவிடாமல் திறந்து வைப்பதால் புழுவின் தொண்டைத் தசையும் உடலும் செயலற்றுப் போகின்றன. பாலூட்டிகளிடம் அந்த வாயில்கள் இல்லை. அதற்கு நெருக்கமான வேறு வாயில்கள் மூளையில் இருந்தாலும், மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் பி-கிளைக்கோபுரதம் என்னும் காவல் புரதம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவில் மாட்டுக்கு ஒன்றும் ஆகாமல் புழு மட்டும் சாவது இதனால்தான். கோலி இன நாய்கள் பலவற்றில் இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டிருப்பதால், மாட்டுக்குரிய மருந்தை அளவு பாராமல் அவற்றுக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகும். டோராமெக்டினும் மாக்ஸிடெக்டினும் இவர்மெக்டினின் உறவுக்காரர்களே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் பெயர் மாற்றம்தான்.

உண்ணி மருந்துகளிலும் இதே நிலைதான். சைபர்மெத்ரினை விட்டு டெல்டாமெத்ரினுக்குப் போகிறவர் நரம்பின் சோடியம் வாயிலைத் தாக்கும் அதே பைரித்ராய்டு வகைக்குள்ளேயே சுற்றுகிறார். அமிட்ராஸ் தாக்குவது ஆக்டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருளின் ஏற்பியை, அதனால் அது வேறு வகை. இதே பைரித்ராய்டு வகையில் நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனையின் முதுகில் விட்டு, உடல் நடுங்கி வலிப்பு கண்ட நிலையில் அதைத் தூக்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நஞ்சை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

புழுக்கள் மருந்தை வெல்ல அதிகக் காலம் எடுத்துக்கொள்வதில்லை. 1961இல் பென்சிமிடசோல் வகையைச் சேர்ந்த தையாபெண்டசோல் வந்தது. 1964இல் அதற்கு அடங்காத ஹிமாங்கஸ் பதிவாகிவிட்டது. 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமான, வேறொரு வகையைச் சேர்ந்த மோனபாண்டெல் என்னும் மருந்துக்கு அடங்காத எதிர்ப்புப் புழுக்கள் அங்கேயே 2013இல் பதிவாயின. எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். வெள்ளாட்டின் உடல் இம்மருந்துகளைச் செம்மறியாட்டைவிட விரைவாகக் கரைத்துவிடுவதால், செம்மறிக்குரிய அளவை அதற்குக் கொடுப்பதும் குறைத்துக் கொடுத்ததாகவே ஆகும். நாள்காட்டியைப் பார்த்து மந்தை முழுவதற்கும் கொடுக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. மருந்து படாத புழுக்கள் சில ஆடுகளில் மிஞ்சியிருந்தால்தான், எதிர்ப்புப் புழுக்களின் வாரிசுகள் மேய்ச்சல் நிலத்தை முழுமையாக ஆக்கிரமிக்காமல் தடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறையில், கீழிமையின் நிறத்தை ஐந்து நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆடுகளுக்கு மட்டுமே மருந்து கொடுக்கிறார்கள். மருந்து கொடுக்கும் முன்பும், பத்துப் பதினான்கு நாள் கழித்தும் புழுக்கையில் உள்ள முட்டைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை 95 விழுக்காடாவது குறையவில்லை என்றால் அந்த வகை அந்த மந்தையில் வலுவிழந்துவிட்டது என்று ஐயுற வேண்டும்.

பிரிட்டனில் செம்மறியாட்டுப் புழு மருந்துகளை வெள்ளை, மஞ்சள், நிறமற்றது, ஆரஞ்சு, ஊதா என்று வகைக்கு ஒரு நிறப்பெயர் சூட்டி அழைக்கிறார்கள். வேதிப்பெயர் வாயில் நுழையாதவருக்கும், போன முறை கொடுத்தது வெள்ளை, இந்த முறை மஞ்சள் என்று நினைவிருக்கும். மருந்து தயாரிப்பவர்கள் எல்லா இடங்களிலும் வகையின் பெயரைப் புட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில், வளர்ப்பவர் படிக்கும் மொழியில் அச்சிட வேண்டும். அதுவரையில், தங்கள் கால்நடைப் பகுதியில் ஒரு மருந்தின் பெயர் வரும்போதெல்லாம் அது எந்த வகை என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்