எந்தப் பொலிவெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விண்மீன் கட்டுரையோடு வந்த அட்டவணை நல்ல முயற்சி. ஆனால் அதில் ‘பொலிவெண்’ (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்) என்று ஒரே ஒரு நிரல்தான் இருக்கிறது. அது தோற்றப் பொலிவெண்ணா, தனிப் பொலிவெண்ணா என்ற குறிப்பில்லை. பார்க்கிறவர், பிரகாசமானதெல்லாம் சூடானது, சூடானதெல்லாம் பெரியது என்றே எடுத்துக்கொள்வார். கட்டுரையின் கடைசிப் பத்தியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

பூமியிலிருந்து தெரியும் ஒளிக்கான எண் தோற்றப் பொலிவெண். எண் குறையக் குறைய ஒளி கூடும். 1856இல் வானியலாளர் போக்சன் வகுத்தபடி, 5 எண் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு. ஓர் எண்ணுக்குச் சுமார் 2.512 மடங்கு. சிரியஸுக்கு −1.46, அகத்திய விண்மீனுக்கு −0.74. அதாவது சிரியஸ் ஏறத்தாழ இரு மடங்கு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது இருப்பது 8.6 ஒளியாண்டில், அகத்தியமோ சுமார் 310 ஒளியாண்டில். தொலைவு 36 மடங்கு என்றால் ஒளி 1,300 மடங்கு மங்க வேண்டும். இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அகத்தியம் உமிழும் ஒளி சிரியஸைப் போல 650 மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும் 32.6 ஒளியாண்டில் நிறுத்திப் பார்த்தால் வருவதே தனிப் பொலிவெண். அப்படி நிறுத்தினால் சூரியனுக்குக் கிடைப்பது வெறும் 4.83. தொலைவில் 10 சதவீதம் பிசகினால் ஒளியில் 20 சதவீதம் பிசகும் என்பதால் தொலைவு நிரல் இல்லாத அட்டவணையால் அதிகப் பயனில்லை.

வெப்பநிலைக்கு வருவோம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது; இடையிலுள்ள தூசு நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடித்து விண்மீனைச் சிவப்பாக்கிக் காட்டும். அதனால்தான் நிறமாலைக் கோடுகளை, அதாவது விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையில் தெரியும் கோடுகளைப் பார்க்கிறார்கள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற நிறமாலை வகைகளின் வரிசை 30,000 கெல்வினுக்கு மேலிருந்து 4,000க்குக் கீழே வரை இறங்கும் வெப்ப வரிசை. ‘ஏ வகையில் ஹைட்ரஜன் அதிகம்’ என்ற கட்டுரை வரி தவறு. அங்கே அதிகமாக இருப்பது ஹைட்ரஜன் கோடுகளின் வலிமை மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் அந்தக் கோடுகள் உருவாக எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் இருக்க வேண்டும். 10,000 கெல்வினை ஒட்டியே அது போதிய அளவில் நடக்கும். குளிர்ந்த மீனில் எலக்ட்ரான் கீழ் மட்டத்திலேயே தங்கிவிடும். மிகச் சூடானதில் அணுவைவிட்டே போய்விடும். இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920இல் தந்த அயனியாக்க (அணுக்கள் எலக்ட்ரானை இழப்பது பற்றிய) சமன்பாடு இதைத்தான் விளக்கியது. அதை வைத்தே 1925இல் வானியலாளர் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கணக்கிட்டுக் காட்டினார்.

சூடு மட்டும் ஒளியைத் தீர்மானிப்பதில்லை. மேற்பரப்பையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பெருக்க வேண்டும். ரோகிணி 3,900 கெல்வின்தான். ஆனால் சூரியனைவிட 44 மடங்கு ஆரம், ஆகவே 400 மடங்கு ஒளி. சிரியஸின் துணை மீன் 25,000 கெல்வின். பூமியளவே இருப்பதால் சூரிய ஒளியில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாது.

நிறையை ஒளியிலிருந்து ஊகிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒளி நிறையின் 3.5ஆம் அடுக்கில் கூடும் என்ற விதி, மையத்தில் ஹைட்ரஜன் எரியும் முதன்மை வரிசை மீன்களுக்கு மட்டும், அதுவும் தோராயமாகத்தான் பொருந்தும். செம்பெருமீனான (மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து வீங்கிய) ரோகிணிக்கு அதைப் போட்டால் ஐந்தரை சூரிய நிறை வரும். உண்மையில் ஒன்றை ஒட்டியதே. நேரடியாக நிறை அளக்க இரட்டை மீன் வேண்டும். சிரியஸ் இணை 50 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சராசரி இடைவெளி, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ளதைப் போலச் சுமார் 20 மடங்கு. கெப்ளர் விதிப்படி 20இன் கனத்தை 50இன் வர்க்கத்தால் வகுத்தால் இரண்டின் மொத்த நிறை 3.2. துல்லியமான அளவுகளில் 3.1 சூரிய நிறை. பெரியதற்கு இரண்டு, துணைக்கு ஒன்று. இணைகளில்கூட, சுற்றுத்தளத்தின் சாய்வு தெரியாமல் நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கிடைக்கும் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது குறைந்தபட்ச நிறைதான்.

எனவே அட்டவணையை மறுபடி வெளியிடுவதானால் தோற்றப் பொலிவெண், தொலைவு, தனிப் பொலிவெண், நிறமாலை வகை, ஒளிர்வு வகுப்பு (பெருமீனா, முதன்மை வரிசை மீனா என்பது) என்று தனித்தனி நிரல்கள் கொடுங்கள். துணையில்லாத மீன்களின் நிறை நேரடியாக அளந்ததல்ல என்பதால் அதை ‘மாதிரிக் கணக்கு’ (கோட்பாட்டிலிருந்து கணித்தது) என்று குறியுங்கள். திருவாதிரைக்கு 0.5 என்று ஒரே எண்ணைப் போட்டால் போதாது; 2020 தொடக்கத்தில் அது 1.6 வரை மங்கியது. மாறொளி மீன்களுக்கு உச்சம், தாழ்வு இரண்டும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்